அத்தியாயம் 3: சுவரின் கீழ் நாலடி

பள்ளிக்குப் புதுக் கட்டடம் வரப்போகிறது என்றதும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் முதலில் எழும் கேள்வி, எத்தனை ரூம் என்பது. அடுத்தது, டைல்ஸ் உண்டா. மூன்றாவது, ஸ்மார்ட் போர்டை எந்தச் சுவரில் மாட்டுவது. பிள்ளைகள் எங்கே, எப்படி உட்காருவார்கள் என்று யாராவது கேட்பதற்குள் எஸ்டிமேட் தயாராகியிருக்கும். வேங்கிக்கால் மாதிரி இடங்களில் இந்த அவசரம் இன்னும் கூடுதல். கலெக்டர் அலுவலகம், வேலூர் சாலை, சுற்றிலும் புது மனைப்பிரிவுகள் என்று ஊர் திருவண்ணாமலையோடு ஒட்டியே போய்விட்டது. பிள்ளைகள் கூடிக்கொண்டே போக, பள்ளிக்கூடத்து மனை மட்டும் பழைய அளவிலேயே நிற்கிறது.

இந்த அத்தியாயம், கேட்காமல் விடுபட்ட அந்தக் கேள்வியைப் பற்றியது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொடக்கப் பள்ளி வகுப்பறையில் தரையும் சுவரின் கீழ் நாலடியும் பிள்ளைகளுக்குச் சொந்தம். அதை ஒழுங்காகக் கொடுத்துவிட்டால் மற்ற நவீனங்களைப் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். கொடுக்காமல் விட்டால், எத்தனை லட்சத்துக்குத் திரை மாட்டினாலும் அது பழைய வகுப்பறைதான்.

உட்காரும் விதத்திலிருந்து பிளான்

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு பெரிய முன்னுதாரணம் உண்டு. 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், ஆந்திராவின் ரிஷிவேலி பள்ளி உருவாக்கியிருந்த முறையை எடுத்துக்கொண்டு அதைத் தொடங்கிவைத்தார். 2007-08-ல் அது மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. பெஞ்சு வெளியே போய்ப் பாய் உள்ளே வந்தது. ஆசிரியர் நாற்காலியை விட்டுத் தரைக்கு இறங்கினார். பிள்ளை, பாடங்களின் வரிசையைக் காட்டும் ஏணிப்படி அட்டவணையைப் பார்த்துத் தன் பாட அட்டையை எடுக்கும், அந்த அட்டைக்கு உரிய குழுவில் போய் உட்காரும், முடித்ததும் சுவரில் தனக்கென்று இருக்கிற கரும்பலகைத் துண்டில் எழுதும்.

பாடமுறை மாறிய வேகத்துக்குக் கட்டடம் மாறவில்லை. அறைகள் எல்லாம் வரிசையாகப் பெஞ்சு போட்டு ஒரு திசையைப் பார்த்து உட்காரக் கட்டியவை. ஜன்னல் மூன்றடி உயரத்தில் தொடங்கும். தரையில் உட்கார்ந்த பிள்ளைக்கு எதிரே வெறும் சுவர். காற்று தலைக்கு மேலே போய்விடும். பத்துப் பதினைந்து ஆண்டு அந்த அறைகளிலேயே சமாளித்துப் பாடம் நடத்திய ஆசிரியர்களைக் கேட்டால் எந்த இன்ஜினியரையும்விட நன்றாகச் சொல்வார்கள். அவர்களை யாரும் கேட்பதில்லை என்பதுதான் சங்கடம்.

2022 ஜூனில் அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் குழுக்குழுவாக உட்கார இடம் என்ற இதே தேவைதான். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிகிறார்கள். சிறிய பள்ளிகளில் மூன்று வகுப்பும் ஒரே அறையில், ஒரே ஆசிரியரிடம். ஒரே நேரத்தில் ஒரு மூலையில் கதை, இன்னொரு மூலையில் கணக்கு. ஆக, அறைக்குக் குறைந்தது மூன்று நான்கு தனித்தனி இடம் வேண்டும்; எல்லா இடமும் தெரிகிற மாதிரி ஆசிரியர் உட்கார ஓர் இடமும் வேண்டும்.

இப்போது அளவுக்கு வருவோம். 20 அடிக்கு 20 அடி அறை நம் ஊரில் எல்லாரும் அறிந்தது. பெஞ்சு போட்டு 40 பேரை அடைத்தால் ஆளுக்கு 10 சதுர அடி. கட்டாயக் கல்விச் சட்டம் தொடக்க வகுப்புக்குச் சொல்லும் கணக்கு 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர். அவர்களை வட்டமாக உட்காரவைத்துப் பாருங்கள். எட்டுப் பிள்ளைகள் சம்மணமிட்டு, நடுவில் அட்டைகளைப் பரப்பினால் எட்டடி அகலம் பிடிக்கும். நான்கு வட்டம் என்றால் ஒரு பக்கத்துக்கு 8 + 8 போக மிச்சம் நாலடி நடைபாதை. 20-க்கு 20 சரியாகத் தீர்ந்துவிட்டது. பீரோ எங்கே? அட்டைத் தட்டுகள் எங்கே? புத்தகப்பை எங்கே? முப்பது பை என்றால் தரையில் கிட்டத்தட்ட ஐந்தாவது வட்டத்துக்கான இடத்தை அதுவே தின்றுவிடும்.

இதற்கு இரண்டு வழி. நிதி இடம் கொடுத்தால் 20-க்கு 24 கேளுங்கள். கொடுக்காவிட்டால் தூண்களுக்கு நடுவில் கடப்பா கல் தட்டு வைத்துத் தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை அலமாரி கட்டச் சொல்லுங்கள். பைகளை வராந்தாச் சுவரில் கொக்கி அடித்து மாட்டுங்கள். தயவுசெய்து இரும்பு பீரோ வாங்கித் தரும் நன்கொடையாளரிடம் அந்தப் பணத்தைக் கடப்பா கல்லுக்குத் திருப்பிவிடப் பேசிப் பாருங்கள். பீரோவின் சாவி பெரும்பாலும் யார் கையிலோ இருக்கும், பொருள் பிள்ளையின் கைக்கு வராது.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் ஹெர்மன் ஹெர்ட்ஸ்பெர்கர் 1960-களில் கட்டிய மாண்டிசோரிப் பள்ளியில் வகுப்பறையே ட வடிவத்தில் ஒரு மூலை மடங்கியிருக்கும். ஒரு குழு ஒதுங்கி வேலை செய்யலாம், ஆனாலும் அறையை விட்டுப் போனதாக ஆகாது. நம்மிடம் அரசின் மாதிரி வரைபடத்தை அப்படி வளைக்க முடியாது. வராந்தாவை எட்டடி அகலமாக்கி, அறைக்கும் அதற்கும் நடுவில் இரண்டு அகலமான கதவு வைத்தால் அந்த ஒதுங்கும் மூலை நமக்கும் கிடைத்துவிடும்.

நாலடிக்குள் என்னென்ன

ஒன்றாம் வகுப்புப் பிள்ளை நின்றால் சுமார் மூன்றரை அடி. தரையில் உட்கார்ந்தால் கண் இரண்டடியை ஒட்டி இருக்கும். கீழ்மட்டக் கரும்பலகை தரையிலிருந்து 9 அங்குலத்தில் தொடங்கி மூன்றடியில் முடியட்டும். பிள்ளைக்கு இரண்டடி அகலம். எதிரெதிரான இரண்டு 20 அடிச் சுவரில் கதவோ ஜன்னலோ இல்லாமல் விட்டால் 40 அடி நீளம், அதாவது ஒரே நேரத்தில் 20 பேர் எழுதலாம்.

"சுவரை மூடினால் காற்று எங்கிருந்து வரும்?" என்று மேஸ்திரி கேட்பார். நியாயமான கேள்வி. வேங்கிக்காலில் இதற்கு விடை வெயிலிடமே இருக்கிறது. அறைகளைக் கிழக்கு மேற்காக வரிசையாகக் கட்டினால், ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் இடையே வரும் குறுக்குச் சுவர்கள் கிழக்கும் மேற்கும் பார்க்கும். அவை எப்படியும் மூடிய சுவர்கள். கரும்பலகை அங்கே. ஜன்னல் முழுக்க வடக்கிலும் தெற்கிலும். பாடத்துக்கும் வெயிலுக்கும் ஒரே பிளான் பொருந்திவருகிறது.

கரும்பலகைக்குச் சிமெண்ட் பூச்சைத் தேய்த்து மழமழப்பாக்கி, நன்றாகக் காயவிட்டு, போர்டு பெயிண்ட் இரண்டு கோட் அடிக்க வேண்டும். காயாத சுவரில் அடித்தால் ஓராண்டில் பொடுகு மாதிரி உதிரும். ரெடிமேட் போர்டு வாங்கி ஆணி அடிக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். கீழ்மட்டத்தில் அதன் விளிம்பு முதலில் பிள்ளையின் கையைத்தான் கிழிக்கும். தூண் மூலைகளை நாலடி வரை மழுக்கிப் பூசச் சொல்லுங்கள். சுவிட்ச் பாக்ஸ் நாலடிக்கு மேலே. கதவுத் தாழ்ப்பாள் மட்டும் கீழே, பிள்ளை தானே திறந்து வெளியேறும் உயரத்தில்.

செயல்வழிக் கற்றல் காலத்தில் அறைக்குக் குறுக்கே கம்பி கட்டிப் பிள்ளைகளின் படங்களையும் எழுத்துகளையும் தொங்கவிடுவார்கள். நோக்கம் அருமை. நடைமுறையில் கம்பி பெரியவர்களின் தலைக்கு மேலே இருந்தது. மின்விசிறி போட்டால் தாள் படபடக்கும், நிறுத்தினால் பிள்ளைகள் வேர்த்து வழிவார்கள். வரைந்த பிள்ளைக்குத் தன் படத்தின் அடிப்பக்கம்தான் தெரியும். ஆய்வுக்கு வருபவருக்கு முழுதாகத் தெரியும். கரும்பலகைக்கு மேல், மூன்றடியிலிருந்து நாலடி வரை ஒரு மரச்சட்டமோ சாஃப்ட் போர்டுப் பட்டையோ ஓட்டிவிட்டால் இந்தச் சிக்கலே இல்லை.

கட்டடத்தையே பாடப்பொருளாக்கும் யோசனையைக் கபீர் வாஜ்பாய் என்ற கட்டடக் கலைஞரின் வின்யாஸ் நிறுவனம், யூனிசெஃப் உதவியோடு, ‘பாலா’ என்ற பெயரில் பல மாநிலங்களுக்குக் கொண்டுபோனது. கதவு திறக்கும் தரையில் கோணமானி, ஜன்னல் கிரில்லில் எழுத்துப் பயிற்சிக்கான வளைவுகள், படிக்கட்டில் எண்கள். நல்ல யோசனை நம் கைக்கு வந்ததும் சுவரில் ரயில் பெட்டியும் கார்ட்டூன் முயலுமாக ஆகிவிட்டது. பெயிண்ட் இரண்டு மழைக்கு மேல் தாங்காது. கோணமானி வேண்டுமென்றால் தரை போடும்போதே வேறு நிற டைல்ஸ் துண்டுகளில் பதியுங்கள். கதவு நிலையில் அடியும் அங்குலமும் உளியால் கீறுங்கள், சென்டிமீட்டரை மறுபக்கம் கீறுங்கள். பிள்ளைகள் உயரம் பார்த்துப் பார்த்து ஒரு வருடத்தில் தசமம் வரை வந்துவிடுவார்கள்.

மலை தெரியும் பக்கம்

திருவண்ணாமலை 12 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நடுவில் உள்ள மாதங்களில் கொஞ்சம் வடக்கே சாயும், மற்ற காலத்தில் தெற்கே. டிசம்பர் கடைசியில் நண்பகலில் தெற்கு வானத்தில் சுமார் 54 டிகிரி உயரத்தில் இருக்கும். இதை வைத்துச் சன்ஷேடைக் கணக்கிடலாம். நாலடி உயரத் தெற்கு ஜன்னலை அந்த வெயிலிலிருந்து முழுக்க மறைக்க மூன்றடி சன்ஷேட் வேண்டும். வழக்கமாகப் போடும் இரண்டடி, மேலே முக்கால்வாசிக்கும் குறைவாகத்தான் மறைக்கும். தெற்கில் வராந்தா வந்துவிட்டால் இந்தக் கணக்கே தேவையில்லை.

மேற்குதான் வில்லங்கம். பிற்பகல் வெயில் தாழ்ந்து, நேராக அறைக்குள் வரும். எந்தச் சன்ஷேடும் தடுக்காது. ஆனால் வேங்கிக்காலிலிருந்து பார்த்தால் திருவண்ணாமலை மலை அந்தப் பக்கம்தான். ‘மலையைப் பார்த்த மாதிரி ஜன்னல் வையுங்கள்’ என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லாமல் இருக்கமாட்டார்கள், சொல்வதிலும் தவறில்லை. வரிசையின் மேற்குக் கோடியில் படிக்கட்டையும் பொருள் அறையையும் வைத்து, படிக்கட்டுத் திருப்பத்தில் மலைக்கு ஒரு பெரிய ஜன்னல் திறந்துவிடுங்கள். பிள்ளைகள் ஏறி இறங்கும்போதெல்லாம் மலை தெரியும். எந்த வகுப்பும் வேகாது. மேற்குச் சுவரிலிருந்து பதினைந்தடி தள்ளிப் புங்கன் நடுங்கள். கோடையில் தழைத்து நிற்கும் மரம் அது.

வெயிலின் சூட்டில் பெரும்பங்கு கூரை வழியாக வருகிறது. கான்கிரீட் தளத்தின் மேல் வெறும் சிமெண்ட் பூசி விட்டுவிடும் பழக்கம் மேல்மாடி வகுப்பைப் பிற்பகலில் பயனில்லாமல் செய்துவிடும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதிப்பது பழைய முறை, இன்றும் நல்ல முறை. அதற்குப் பணமில்லை என்றால் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு. சென்னை பெரும்பாக்கம் அம்பேத்கர் நகர் அரசுப் பள்ளியில் மொட்டை மாடிக்கு இப்படிப் பூச்சு அடித்துப் பார்த்திருக்கிறார்கள். இன்னும் ஒரு படி மேலே போக வேண்டுமானால் புர்கினா ஃபாசோவின் காண்டோ கிராமத்தைப் பார்க்கலாம். அந்த ஊர்க்காரரான பிரான்சிஸ் கெரே 2001-ல் ஊர் மக்களோடு சேர்ந்து கட்டிய தொடக்கப் பள்ளியில் மண்கல் சுவருக்கு மேல் ஓட்டைகள் விட்ட ஒரு மேல்தளம், அதற்கும் மேலே தூக்கி நிறுத்திய தகரக் கூரை. சூடான காற்று இரண்டுக்கும் நடுவில் வெளியேறிவிடுகிறது. அவருக்கு 2022-ல் கட்டடக்கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் கிடைத்தது. நம் ஊரில் மொட்டை மாடியில் சோலார் தகடுகளை ஆளுயரச் சட்டத்தில் நிறுத்தினால் கிட்டத்தட்ட அதே நிழல் கிடைக்கும், மின்சாரமும் கிடைக்கும்.

மீண்டும் ஜன்னலுக்கு வருவோம். அடிமட்டம் இரண்டடியில் இருக்கட்டும். மேல்மாடி என்றால் கட்டாயம் கிரில், அதுவும் நெட்டுக்குத்துக் கம்பிகள். படுக்கைக் கம்பி வைத்தால் அது ஏணி. பகல் வெளிச்சம் ஜன்னலின் மேல்மட்ட உயரத்தைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு தூரம்தான் அறைக்குள் போகும். ஏழடி லிண்டில் என்றால் 14 முதல் 17 அடி. 20 அடி அறைக்கு ஒரு பக்க ஜன்னல் போதாது என்பதற்கு இதுவே காரணம்.

பேஸ்மெண்ட் உயரமும் சாய்தளமும்

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெங்கல் புயல் மழை திருவண்ணாமலையை என்ன செய்தது என்று யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. மலைச்சரிவில் வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். வேங்கிக்காலில் ஆபத்து வேறு மாதிரி. ஏரி நிரம்பினால் உபரி நீருக்குப் போக வழி வேண்டும், அந்த வழியில் இப்போது வீடும் சாலையும் இருக்கின்றன. மனையில் கல் ஊன்றுவதற்கு முன் அக்கம்பக்கத்து வீடுகளில் போய் அந்த மழையில் தண்ணீர் எந்த அளவு நின்றது என்று கேட்டு, சுவரில் கோடு போட்டு வையுங்கள். பேஸ்மெண்ட் அந்தக் கோட்டுக்கு ஓரடி மேலே வரட்டும். சாலையை ஒவ்வொரு முறை புதிதாகப் போடும்போதும் சில அங்குலம் உயர்த்துவார்கள், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பேஸ்மெண்ட் உயர்ந்தால் சாய்தளமும் நீளும். இங்கேதான் பெரும்பாலான பள்ளிகள் கோட்டை விடுகின்றன. சக்கர நாற்காலிக்கு ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் கணக்கு. இரண்டடி பேஸ்மெண்டுக்கு 24 அடி. எட்டடியில் கட்டி முடித்து, பக்கத்தில் குழாய்க் கைப்பிடியும் வைத்துப் புகைப்படம் எடுத்துவிட்டால் விதி நிறைவேறியதாக எழுதிக்கொள்ளலாம். எந்தப் பிள்ளையும் தனியாக அதில் ஏற முடியாது. பிளானிலேயே 24 அடியைக் கோடு போட்டு வாங்குங்கள்.

அதே மழை பாடமும் ஆகலாம். ஓர் அங்குல மழைக்குக்கூட மொட்டை மாடியில் எவ்வளவு தண்ணீர் விழுகிறது என்பதைப் பிள்ளைகளே கணக்கிடலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். மழைநீர்த் தொட்டியின் பக்கச் சுவரில் லிட்டர் அளவுகளைக் குறித்துவைத்தால் ஐந்தாம் வகுப்புக் கணக்குக்கு ஒரு வாரம் ஓடும்.

சத்தம், தண்ணீர், கதவு

குழுவாக உட்கார்ந்து பேசிப் படிப்பது என்றால் சத்தம் இருக்கும். வேலூர் சாலை ஹாரனும் சேர்ந்தால் ஆசிரியரின் தொண்டை ஒரு பருவத்தைத் தாண்டாது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் 1970-களை ஒட்டிச் சுவரே இல்லாத திறந்த பள்ளிகளைக் கட்டினார்கள். சத்தம் தாங்காமல் பல பள்ளிகளில் பிறகு தடுப்பு எழுப்பினார்கள். நாம் அந்தப் பாடத்தை இன்னொரு முறை படிக்க வேண்டாம். குறுக்குச் சுவர் தளம் வரை போகட்டும். சாலைப் பக்கம் கழிப்பறை, சமையலறை, அலுவலகம். வகுப்பறை உள்ளே தள்ளி. தகரக் கூரை போட்டு வகுப்பு நடத்தவே கூடாது: மழை பெய்தால் அன்றைக்குப் பாடம் இல்லை.

2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்துக்குப் பிறகு பள்ளியில் இருவேளை கை கழுவ வேண்டியிருக்கிறது. 60 பிள்ளைக்கு ஒரு குழாய், ஆளுக்கு அரை நிமிடம் என்றால் கடைசிப் பிள்ளை கை கழுவ அரை மணி நேரம். நான்கு குழாய் வைத்தால் ஏழெட்டு நிமிடத்தில் முடியும். இரண்டைத் தரையிலிருந்து ஒன்றரை அடியிலும் இரண்டை இரண்டரை அடியிலும் வையுங்கள். கழிப்பறைக்குள் தண்ணீர், உள்பக்கத் தாழ்ப்பாள், பெண் பிள்ளைகளுக்கு மறைவான தனி வழி. இது இல்லாத பள்ளிக்கு எந்த நவீனக் கற்றலும் வேண்டாம், முதலில் இதைக் கட்டுங்கள்.

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று சமையல் கொட்டகையில் பிடித்த தீ, கீற்றுக் கூரை வழியாக மாடிக்குப் பரவி 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. குறுகலான படிக்கட்டும் தப்பிக்க வழியில்லாத அமைப்பும் எண்ணிக்கையைக் கூட்டின. அதனால் ஒவ்வோர் அறைக்கும் இரண்டு கதவு, வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி. மாடி உண்டென்றால் இரண்டு படிக்கட்டு. சமையலறை தனியாக. 2021 டிசம்பரில் நெல்லையில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்ததை அடுத்துத்தான் மாநிலம் முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்தார்கள். சின்னச் சுவர்தானே என்று அஸ்திவாரத்தில் சிக்கனம் பிடிக்கிற இடம் எப்போதும் கழிப்பறையும் காம்பவுண்டும்தான். அந்தக் குழியைத் தோண்டுகிற நாளில் குழுவில் ஒருவராவது பக்கத்தில் நில்லுங்கள்.

ஸ்மார்ட் போர்டுத் திரையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அதை ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள், படம் தெரியாது, ஜன்னல்தான் தெரியும். தளத்துக்குக் கான்கிரீட் போடும் முன்பே மின்சாரக் குழாயையும் கேபிள் குழாயையும் பதித்துவிடுங்கள். பிறகு சுவரை உடைத்தால் கீழ்மட்டக் கரும்பலகை போய்விடும்.

எதை மாற்றலாம்

2022-ல் அறிவிக்கப்பட்ட பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம், ஐந்தாண்டில் ரூ.7,000 கோடி என்ற இலக்கோடு வந்தது. இப்படிப்பட்ட திட்டங்களில் வரும் கட்டடத்தின் அளவும் அமைப்பும் மேலிருந்தே முடிவாகிவிடும். அதைக் குறை சொல்லிப் பயனில்லை. கட்டடம் எந்தத் திசை பார்க்கிறது, ஜன்னல் அடிமட்டம் எத்தனை அடி, கரும்பலகை எங்கே, குழாய் எந்த உயரம், தாழ்ப்பாள் எங்கே என்பதை எல்லாம் உள்ளூரில் உதவிப் பொறியாளரிடம் பேசித் தீர்க்கலாம். பெரும்பாலானவற்றுக்குக் கூடுதல் செலவே கிடையாது. செலவாகும் சிலவற்றுக்கு, கடப்பா தட்டு, வெள்ளைப் பூச்சு போன்றவற்றுக்கு, ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ நன்கொடைத் திட்டம் வழியாக ஊர்க்காரர்களையும் முன்னாள் மாணவர்களையும் கேட்கலாம். வேறு மாதிரியும் பள்ளி நடத்த முடியும் என்று பார்க்க விரும்பினால் வெகுதூரம் போக வேண்டாம்; திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் கணத்தம்பூண்டியில் மருதம் பண்ணைப் பள்ளி இருக்கிறது. அங்கே வயலும் மரமும் பாடம் நடக்கும் இடங்கள்தான். முன்கூட்டி அனுமதி கேட்டுக்கொண்டு போங்கள்.

வேலை உத்தரவு வருவதற்கு முன் ஒரு சனிக்கிழமை காலை மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் அறையின் முழு அளவுக்குக் கோடு போடுங்கள். கதவு, ஜன்னல், அலமாரி, கரும்பலகை எல்லாவற்றையும் குறியுங்கள். முப்பது பிள்ளைகளைப் பையோடு உள்ளே வரச் சொல்லி, நான்கு வட்டமாக உட்காரவைத்து, ஆசிரியரை ஒரு பாடம் நடத்தச் சொல்லுங்கள். உதவிப் பொறியாளரையும் ஒப்பந்ததாரரையும் கட்டாயம் கூப்பிடுங்கள். எங்கே இடிக்கிறது என்பது பதினைந்து நிமிடத்தில் தெரிந்துவிடும், திருத்தத்தை அங்கேயே பிளானில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அஸ்திவாரம் தோண்டிய பிறகு இந்தச் சோதனைக்குப் பயனில்லை.